ஆடவர் கயிறும் மகளிர் கயிறும்

தண்டையார்பேட்டை,
21.4.2025

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா எழுதுவது, இங்கே நான், உன் அப்பா, கார்குழலி, மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருக்கும் பூனை வரைக்கும் எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்த ராஜஸ்தான் வெயிலில் முகம் கருகாமல், முட்டி தேயாமல் மத்திய ரிசர்வ் போலீஸ் பயிற்சியை நல்லபடியாக முடித்து வரவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயந்துவிடாதே கண்ணு. எனக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து மருந்து வைத்துக் கட்டியிருக்கிறது, பேனா பிடிக்க வராது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். (அக்கா, நான்தான், கார்குழலி. அம்மா ‘கீது’ என்று சொன்னால் நான் ‘இருக்கிறது’ என்று எழுதுகிறேன், பிளஸ் ஒன் தமிழ்ப் பரீட்சைக்குப் படித்தது வீணாகக் கூடாது பார். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மாவின் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் தணிக்கை கிடையாது.) கையை அறுத்தது கயிறு. எந்தக் கயிறு, எதற்கு அறுத்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைக்கிற பத்து நிமிஷப் போனில் பாதி ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போய்விடுகிறது, மீதியில் உன் அப்பா சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்டுவிடுகிறார்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தில், உங்கள் முகாமில் ஆண்கள் வாலிபால் ஆடினால் அது ‘டீம்’, நீங்கள் ஆடினால் ‘லேடீஸ் டீம்’, பலகையில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். நீ எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பாய், எனக்குத்தான் அது பல் இடுக்கில் மாட்டின கறி நார் மாதிரி இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து நம் எழுச்சி இளைஞர் நற்பணி மன்றத்து ஆட்கள் ஏப்ரல் பதினாலாம் தேதி விளையாட்டு விழாவுக்கு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் ‘மாபெரும் கயிறு இழுக்கும் போட்டி, சுழற்கோப்பை, வெற்றி பெறும் அணியின் பெயர் மன்றத்துச் சுவரில் எழுதப்படும்’ என்று போட்டிருந்தது. கீழே, மதிய பிரியாணி உண்டு என்கிற வரிக்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ‘மகளிருக்கான சிறப்புப் போட்டிகள்: கோலம், எலுமிச்சை ஸ்பூன், இசை நாற்காலி, மகளிர் கயிறு’ என்று இருந்தது. வருஷா வருஷம் இப்படித்தான் போடுகிறார்கள், நானும் வருஷா வருஷம் இதில்தான் பருப்பு மடித்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவைதான் படித்தேன்.

ஆறு வருஷமாக மகளிர் கயிற்றில் நம் எஃப் பிளாக்தான் ஜெயிக்கிறது, அதில் மூன்று வருஷம் நீ கடைசியில் நின்று கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு தூண் மாதிரி நின்றாய். நமக்கு யாரும் கயிறு இழுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, மோட்டார் கெட்டுப்போகிற நாளில் எல்லாம் லாரித் தண்ணீரைக் குடத்தோடு கயிறு கட்டி மூன்றாவது மாடிக்கு இழுத்த கைகள்தானே. ஆனால் பரிசு என்ன கொடுத்தார்கள், ஆறு வருஷத்துக்கு ஆறு பிளாஸ்டிக் டப்பு. (ஒன்றில் அரிசி, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் அப்பாவின் அழுக்குத் துணி. இன்னும் நாலு வருஷம் ஜெயித்தால் கடை வைக்கலாம்.) சுவரில் ஒரு வருஷம்கூட நம் பெயர் இல்லை. உன் அப்பா பெயர் இருக்கிறது, 2011இல் எதிரணி வந்த வண்டி பஞ்சர் ஆகிவிட்டதால் இவர்கள் கயிற்றைத் தொடாமலே ஜெயித்தார்கள், அதற்கும் பெயிண்ட் அடித்து எழுதியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே நானும் கீழ்வீட்டு ராமசெல்வியும் மன்றத்துக்குப் போய், இந்த வருஷம் மகளிரில் யார் ஜெயித்தாலும் சுவரில் எழுத வேண்டும் என்று கேட்டோம். செயலாளர் பரசுராமன் அண்ணனுக்கு ஐம்பத்துமூன்று வயதாகிறது, இன்னும் இளைஞர் மன்றத்தை விட்டு இறங்க மனசு வரவில்லை. அவர் கேரம் போர்டைத் துடைத்துக்கொண்டே, “இன்னா தங்கச்சி, சுவத்துல மெயின் போட்டி பேரு மட்டும்தான் ஏறும், உங்களுது லேடீஸ் ஐட்டம்தானே” என்றார். ராமசெல்வி விடுவாளா, “இன்னாது, ஐட்டமா? அப்போ நாங்க இன்னா நைனா, ஊறுகாயா?” என்று கேட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் நடந்ததற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (எனக்கும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் இருந்தது என்னை மாதிரியே இருக்கும் வேறு ஒருத்தி.) ராத்திரியோடு ராத்திரியாக ‘ஆடவர்’ என்று அச்சடித்த காகிதத் துண்டுகளைத் தெருமுனை பேனரிலும் சுவரில் இருந்த நோட்டீஸிலும் எல்லா வரிக்கும் முன்னால் ஒட்டியிருந்தார்கள். மாபெரும் ஆடவர் கயிறு இழுக்கும் போட்டி, ஆடவர் கேரம், ஆடவர் சுழற்கோப்பை, ஆடவர் வரவேற்புரை, ஆடவர் நன்றியுரை, ஆடவர் பிரியாணி. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள், ஜி பிளாக் சாபிரா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பரசுராமன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பேனரையே முறைத்தார். “எவன்டா இது? ஆடவர்னு போட்டா பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் போர்டு மாரி கீதுடா, எவன் வருவான் இதுக்கு?” என்று கத்தினார். ராமசெல்வி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “அப்போ எங்களுக்கு மகளிர்னு போட்ருக்கிறியே, அது இன்னா கோயிலு போர்டா?” என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

அவர் அப்போதே கிழித்திருப்பார், ஆனால் அதற்குள் யாரோ பேனரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். (யாரோ.) டீக்கடையில் அண்ணன் பெஞ்சில் உட்காரும்போதே வல்லூர் டீம் கேப்டன் நெல்சனிடமிருந்து போன். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், டீக்கடையே கேட்டது. “அண்ணே, ஆடவர் கயிறுன்னு போட்டுகீதே, அது சைடு போட்டியாண்ணே? ஜெயிச்சா டப்பு குடுப்பீங்களா? எங்களுக்கு அது வாணாம்ணே, நாங்க மெயினுக்குத்தான் வருவோம், மெயின் எத்தினி மணிக்கு?” என்றான் நெல்சன். அதுதான்டா மெயின் என்கிறார் இவர். “மெயின்னா இன்னாத்துக்குண்ணே ஆடவர்னு போட்டீங்க? சின்னதா ஆக்கிட்டீங்களே. பசங்க வரமாட்டேன்றானுங்கண்ணே” என்கிறான் அவன். அதே கோப்பை, அதே கயிறு, அதே பிரியாணி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியும் நெல்சன் நம்பவில்லை. பிரியாணிக்கும் முன்னால் ஆடவர் என்று போட்டிருக்கிறதே, அதில் கறி இருக்குமா இருக்காதா என்று வேறு கேட்டான். சாபிராவின் வீட்டுக்காரர் ஜாபர் பாய், அவர்தானே நமக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், டீ குடித்துக்கொண்டிருந்தவர் மூக்கு வழியாக டீயை விட்டுவிட்டார். “பாத்தியா மாமு, ஒரே ஒரு வார்த்த முன்னால வந்து குந்திச்சி, உன் கோப்பையே டப்பு ஆயிட்ச்சி” என்று அவர் சொன்னதைத்தான் அன்று முழுக்க எல்லா பிளாக்கிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்புறம் மூன்று நாள் பஞ்சாயத்து. (கயிற்றைத் தொடுவதற்கு முன்பே இழுபறி.) நான் சொன்னது ஒன்றுதான். ஆம்பளைங்களோடு நாங்கள் இழுக்க வரவில்லை, எடைக்கு எடை வேறுதான், அது எங்களுக்கும் தெரியும். பெயருக்கு முன்னால் ஒன்றைப் போடுவதென்றால் இரண்டிலும் போடு, எடுப்பதென்றால் இரண்டிலும் எடு, எழுதுவதென்றால் ஒரே சுவரில் எழுது. ஆறு வருஷம் இழுத்திருக்கிறோம், பின்னால் வருகிற பெண் ஒருத்தி அந்தச் சுவரைப் பார்த்தால் இந்தக் குடியிருப்பில் பெண்களே இல்லை என்றுதானே நினைப்பாள். உன் அப்பாவை யார் பக்கம் என்று கேட்டதற்கு, “நான் நடுக்கோட்டுல நிக்கிறேன்” என்றார். (கயிற்றுப் போட்டியில் நடுக்கோட்டில் இருப்பது கைக்குட்டை மட்டும்தான் அப்பா என்றேன். ராத்திரி எனக்கு ஆம்லெட் கிடையாது என்றுவிட்டார். நாங்கள் பயிற்சிக்குப் போவதால் சமையல் இப்போது அவர் இலாகா, நீ கேட்காதே, அழுதுவிடுவாய்.) கடைசியில் நெல்சன் வராமல் போய்விடுவானோ என்கிற பயத்தில்தான் பரசுராமன் அண்ணன் இறங்கி வந்தார். நாலு மணிக்கு மகளிர், ஐந்து மணிக்கு ஆடவர், இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கோப்பை, இரண்டும் சுவரில் ஏறும் என்று புது நோட்டீஸ் அடித்தார்கள். அதை நான் பருப்புக்கு மடிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.

நாம் கேட்டது கிடைத்துவிட்டது, அதிலேயே ஒரு வம்பும் வந்தது. பெண்கள் பெயரும் சுவரில் ஏறும் என்கிற சேதி எண்ணூர் வரைக்கும் போய், அங்கே மீன் விற்கிற பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் நாம் ஜெயித்தது ஜி பிளாக்கையும் எச் பிளாக்கையும்தானே, டப்புக்காக எண்ணூரிலிருந்து எவள் வருவாள். இந்தத் தடவை ஜி பிளாக்கில் ஆள் சேராததால் சாபிரா நம்மோடு சேர்ந்துகொண்டாள். எண்ணூர் கேப்டன் பெயர் பவுனம்மாள், என் வயதுதான் இருக்கும், விடிகாலையில் ஐஸ் பெட்டியை மணலில் இழுத்து இழுத்து ஒவ்வொரு கையும் என் தொடை அளவு. வந்ததும் கயிற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது இன்னா, ஜடைக்குக் கட்டற ரிப்பனா?” என்றாள். உன் இடத்தில் கடைசியில் நிற்க ஆளில்லை, கயிற்றை உடம்பில் சுற்றிக்கொள்ள மற்றவர்கள் பயந்தார்கள், கார்குழலியைத்தான் நிறுத்தினேன். (நாற்பத்தாறு கிலோ. நங்கூரத்துக்குப் பதில் அலுமினிய டம்ளர்.)

முதல் இழுப்பில் பதினைந்து எண்ணுவதற்குள் எங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாவதில் நான் நம் குடம் இழுக்கிற தாளத்தில் குரல் கொடுத்தேன், ஏய் வா, மேல வா, ஏய் வா, மேல வா என்று, எட்டுப் பேரும் ஒரே கையாக இழுத்து அவர்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டோம். மூன்றாவதுதான் முடிவு. அரை நிமிஷம் அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை, பிறகு ஒரு விரல், இரண்டு விரல் என்று கைக்குட்டை எங்கள் பக்கம் நகர்ந்தது, இன்னும் ஒரு சாண்தான் பாக்கி, மைக்கில் பரசுராமன் அண்ணனே தன்னை மறந்து “இழு தங்கச்சி, இழு தங்கச்சி” என்று கத்துகிறார். ஜாபர் பாய் அன்றைக்கு லோடு முடித்துவிட்டு லாரியை மைதானத்து ஓரம் நிறுத்தி உள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி ஜெயிக்கப் போகிறாளே என்கிற சந்தோஷத்தில், உற்சாகப்படுத்துகிறேன் என்று ஆரனை அழுத்தினார் பார், நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, தினமும் தண்ணீர் கொண்டுவந்தால் அடிக்கிற அதே ஆரன்.

அவ்வளவுதான் கண்ணு. ஆறு பேர் கயிற்றை விட்டுவிட்டுக் குடம் எடுக்கத் திரும்பிவிட்டார்கள். முதலில் விட்டது சாபிராதான். ராமசெல்வி நாலு அடி ஓடிய பிறகுதான் தன் கையில் குடம் இல்லை என்று நின்றாள். என் கால் ஒன்றும் லாரிப் பக்கம் திரும்பியது உண்மைதான், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கையை நான் விடவில்லை, கயிறுதான் தோலையும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுப் போனது. எண்ணூர்க்காரிகள் எட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள், கயிற்றைச் சுற்றியிருந்த உன் தங்கச்சி மட்டும் மூட்டை மாதிரி மணலில் சறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி அவர்கள் மேல் போய் விழுந்தாள். (கயிறு திரிக்கவில்லை அக்கா, எஃப் பிளாக்கிலிருந்து எண்ணூருக்கு டிக்கெட் இல்லாமல் போய் வந்த ஒரே ஆள் நான். பவுனம்மாள் என்னைத் தூக்கி நிறுத்தி மணலைத் தட்டிவிட்டு, “இன்னாமே, சாப்பாடு போட மாட்டாங்களா உனக்கு?” என்று கேட்டார்.) மைதானம் முழுக்கச் சிரிப்பு, நாங்களும்தான் சிரித்தோம், அழுதுகொண்டே சிரித்தோம். சாபிரா நேராக லாரிக்குப் போய்க் கதவைத் தட்டி, “கூப்ட்டா ஒரு நாளும் வராத லாரி, கூப்டாத நேரத்துல இன்னாத்துக்குயா வந்துச்சி?” என்று கேட்டாள். ஜாபர் பாய்க்கு அப்புறம் மூன்று நாள் வீட்டில் மௌன விரதம்.

ஆடவரில் நெல்சன் டீம்தான் ஜெயித்தது, பிரியாணியில் கறியும் இருந்தது, அவனுக்குக் குறையில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊர்முழுக்கச் சண்டை போட்டுச் சுவரை வாங்கினேன், அதில் ஏறப்போவது எண்ணூர்ப் பெயர். அன்று ராத்திரி பரசுராமன் அண்ணன் வீட்டுக்கே வந்தார், என் கையைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டார், அப்புறம் மெதுவாக, “தங்கச்சி, ஜெயிச்சது நம்ம பொண்ணுங்க இல்லியே, நம்ம சுவத்துல அவுங்க பேரு இன்னாத்துக்கு? இந்த வருசம் வுட்ருலாம், அடுத்த வருசம் நீங்க ஜெயிச்சா உங்க பேர்லயே ஆரம்பிச்சிக்கலாம்” என்றார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அரை நிமிஷம் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. முதல் பெயர் நம்முடையதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உன் அப்பா அடுப்படியிலிருந்து எட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் யோசித்தேன், அந்தச் சுவரில் 2019இல் வல்லூர் பெயர் இருக்கிறது, அதற்கு முன்னால் திருவொற்றியூர்ப் பெயர் இருக்கிறது, அதெல்லாம் என்ன நம் வீட்டுப் பிள்ளைகளா. “வல்லூரு ஆம்பளைங்க ஜெயிச்சப்போ அது வெளியூருன்னு தெர்ல, எண்ணூரு பொம்பளைங்க ஜெயிச்சதும் வெளியூரு ஆயிட்ச்சாண்ணே? எழுதுங்க” என்றேன். அவர் போன பிறகு உன் அப்பா எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து, கட்டுப் போட்ட கையால் பிடிக்க முடியாது என்று அவரே ஊட்டிவிட்டார், அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது, நான் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வந்தார், துறைமுக லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறவர். ஆடவர் வரியை உள்ளங்கை அகலத்துக்கு எழுதிவிட்டு மகளிர் வரியைச் சுண்டுவிரல் அளவில் எழுத ஆரம்பித்தார், யாரும் சொல்லாமலே கை அப்படிப் போகிறது அவருக்கு. ஏணியைப் பிடித்திருந்த கார்குழலியை விட்டு ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன், அழித்துவிட்டு அதே உயரத்தில் எழுதினார். ‘2025 ஆடவர்: வல்லூர் அணி, தலைவர் நெல்சன். 2025 மகளிர்: எண்ணூர் அணி, தலைவர் பவுனம்மாள்.’ சேதி தெரிந்து பவுனம்மாள் மீன் கூடையை யாரிடமோ விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்துவிட்டாள். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் அவளுக்கு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே போய், பெயர் வந்ததும் தொட்டுவிட்டாள், பெயிண்ட் காயவில்லை, விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துணி கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். “எம் பேர்ல மீன் புடிக்கிற போட்டு ஒண்ணு கீதும்மா எங்க ஊர்ல, நான் பொறந்தப்போ எங்கப்பா வச்சாரு. அது அவுரு போட்டு. நானா இழுத்து வாங்கின பேரு இதான் மொதோ தபா” என்றாள். நான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் கீழ் வரி எங்களுடையது, எழுதி வைத்துக்கொள் என்றேன். “வா வா. ஆனா காதுல பஞ்சி வச்சிக்கினு வா” என்றாளே பார்க்கணும். ஏணியிலிருந்து பெயிண்டர் விழுந்திருப்பார்.

மணி ஆகிறது, உன் அப்பா வேலையிலிருந்து வந்துவிடுவார், வந்ததும் அடுப்பில் கைவைப்பார், அதற்குள் கார்குழலியை விட்டு ஏதாவது செய்ய வைக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, ஓடிவிட்டு வந்த வியர்வையோடு குளிக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பில் தெம்பும் மனசில் தைரியமும் குறையாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த ஏப்ரலுக்கு லீவு இப்போதே எழுதிப் போடு, காரணம் கேட்டால் குடும்ப விசேஷம் என்று சொல், கடைசியில் நிற்க ஆள் வேண்டும். (நான் நாற்பத்தேழு கிலோ ஆகிவிட்டேன் என்று சொன்னால் அம்மா கேட்க மாட்டேன் என்கிறாள்.)

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,

(அக்கா, கையெழுத்தை மட்டும் நானே போடுவேன் என்று கட்டுப் போட்ட கையாலேயே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். வலிக்கும்மா, பெயரை நான் எழுதிவிடுகிறேன் என்றேன், கேட்கவில்லை. மூன்று எழுத்துக்கு அரைப் பக்கம் காலி.)

வேம்பு